ஏரிக்குள் ஓர் ஆடிட்

‘வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா கூட கணக்கில் ஏறக் கூடாது’ என்று பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்கு மந்திரம் ஓதிவிட்டார்கள். டீ செலவா? வவுச்சர். ஆட்டோவா? வவுச்சர். அதனால், வவுச்சர் என்கிற வார்த்தை காமர்ஸ்காரர்களின் குலச்சொத்து என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவன் என் மச்சினன். (மண் இல்லை, சேறு. அந்தக் கதை பின்னால் வருகிறது.) தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறான். நீரில் வளரும் செடிகள்தான் அவன் சப்ஜெக்ட். போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான்.

“மாமா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? மதுராந்தகம் பக்கம் ஒரு ஏரிக்கு வவுச்சர் எடுக்கப் போறேன். ஒத்தையா போனா வேலை ஆகாது.”

“ஏரியில என்னடா வவுச்சர்?”

“ஒரு ஏரியில இன்ன செடி இருக்குன்னு நான் எழுதினா, அதை யார் நம்புவா? செடியையே காயவெச்சு, அட்டையில ஒட்டி, ஹெர்பேரியத்துல வெச்சாத்தான் செல்லும். அதுக்குப் பேரே வவுச்சர் ஸ்பெசிமன்.”

எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நம்ம ஆள்தான்!

கூட ஒரு சுயநலமும் இருந்தது. ஏப்ரல் மாசம் செங்கல்பட்டு தாண்டி ஒரு மனைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். மனை எண் 47. மொத்தம் பன்னிரண்டு லட்சம். ‘ஏரிக் காற்று இலவசம்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஏப்ரலில் பார்த்தபோது தரை கிரிக்கெட் பிட்ச் மாதிரி கட்டாந்தரை. வெள்ளையடித்த கல், கலர் கலராய்க் கொடி, இலவச மோர். மனதில் மாடி வீடே கட்டி, மொட்டை மாடியில் துணி கூட காயப்போட்டுவிட்டேன். மீதிப் பணத்துக்குக் கெடு நவம்பர் கடைசி. சகதர்மிணியின் நகைகள் வங்கிக்குப் புறப்படத் தயாராய் பீரோவில் காத்திருந்தன. திரும்பி வரும்போது மனையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். பைக்கின் பின்னால் மச்சினன். அவன் முதுகில் மரச்சட்டம் போட்ட ஒரு விநோத வஸ்து. இரண்டு மரப் பலகைகளுக்கு நடுவே பழைய நியூஸ்பேப்பர் கட்டு, சுற்றிலும் பெல்ட். பிளாண்ட் பிரஸ்ஸாம். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர், “மிருதங்கமா தம்பி?” என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தே கால் மணிக்கு ஹெர்பேரியத்தை விளக்க யாரால் முடியும்?

செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்பார்கள். பேருக்கு ஏற்ற ஊர்தான். மழை முடிந்த வாரத்தில் போய்ப் பாருங்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கண்ணாடித் துண்டுகளைக் கொட்டினமாதிரி தண்ணீர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. நம் முன்னோர் போட்டுவைத்த டிரான்ஸ்ஃபர் என்ட்ரி! மதுராந்தகத்தில் உடையப்போன ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் நின்று காத்ததாகவும், கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரையே அதைப் பார்த்ததாகவும் ஊரில் கதை உண்டு. ஏரி காத்த ராமர் என்றே கோயிலுக்குப் பெயர்.

பக்கத்திலேயே வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்கள் இருக்கின்றன. “அங்கேயே போகலாமே, பறவையும் பார்த்த மாதிரி ஆச்சு” என்றேன்.

“சரணாலயத்துல வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலையைக் கிள்ளக் கூடாது மாமா. இது சாதாரண ஊர் ஏரி. பஞ்சாயத்துல போன வாரமே சொல்லி வெச்சிருக்கேன்.”

ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

கரை மேல் பனைமரங்கள், கீழே மதகு, எதிரே ஏரி. நான் பாட்டுக்கு, “ஆஹா, பச்சைப் பசேல்னு இருக்கு” என்றேன். மச்சினன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து ‘ஆஹா, நிறைய நம்பர் இருக்கு’ என்று ஒருவன் சொன்னால் நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி.

ஏரியில் செடிகள் இஷ்டத்துக்கு முளைப்பதில்லையாம். வரிசை இருக்கிறது. கரையோர ஈரத்தில் பொடுதலை, கரிசலாங்கண்ணி. கால் நனைகிற இடத்தில் வல்லாரை, நீர்ப்பிரமி, முள்ளும் ஊதாப்பூவுமாக நீர்முள்ளி. முழங்கால் ஆழத்தில் கோரையும் சம்பும். இன்னும் உள்ளே போனால் தண்ணீர் மேல் இலையை மிதக்கவிட்டு, வேரை அடிச்சேற்றில் ஊன்றிக்கொண்ட அல்லி, கொட்டி வகையறா. தண்ணீருக்குள்ளேயே முழுசாய் வாழ்கிற ஹைட்ரில்லா தனி. நாமெல்லாம் அதைப் பாசி என்போம். அது பாசி இல்லை, பூக்கிற செடி.

“இந்த வரிசையைப் படிக்கத் தெரிஞ்சா, ஸ்கேலே வேணாம். ஒரு இடத்துல எவ்வளவு நாள் எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு செடியே சொல்லிடும்” என்றான். அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கி, காற்றில் விட்டேன். பின்னால் அதைத் தேடிப் பிடிக்கவேண்டி வந்தது.

பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினோம். எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் ஸ்டெனோ. கையில் ஒரு நோட்டு, பென்சில். “பேனா வேணாம் மாமா. தண்ணி பட்டா மை ஓடிடும், பென்சில் ஓடாது.” ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர். அவன் ஆராய்ச்சி ஆரம்பித்த நாளில் சேகரித்த முதல் செடிக்கு ஒன்று. அன்றைக்கு 388-ல் ஆரம்பித்தோம். ஆயுசு முழுக்க இந்த நம்பர் ஓடிக்கொண்டே இருக்குமாம். வருஷம் மாறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. ஒரே நம்பர் இரண்டு தடவை வரவும் கூடாது. எங்கள் ஆபீஸ் கேஷியரை இங்கே ஒரு வாரம் டிரெய்னிங் அனுப்பலாம்.

நம்பருக்கு எதிரே தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை (செல்போன் சொல்லிவிடுகிறது), தண்ணீர் ஆழம், செடியின் உயரம், கூட இருக்கும் செடிகள், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர்.

“பூ நிறம் எதுக்கு? அதான் பூவையே கொண்டுபோறியே?”

“காய்ஞ்சா எல்லாம் ஒரே பழுப்பு. நிறம், வாசனை, ஆழம் எல்லாம் இப்போ எழுதினாத்தான் உண்டு. பேப்பர்ல ஒட்ட முடியாததைத்தான் நோட்டுல எழுதணும்.”

இன்னொரு சட்டம்: பூ, காய், வேர் மூன்றும் இருக்கிற செடியாய்ப் பார்த்து எடுக்க வேண்டும். கோரையில் பத்து ஜாதி இருந்தால் பத்தும் தூரத்தில் ஒரே மாதிரி இருக்கும். காயைப் பார்த்தால்தான் யார் யார் என்று தெரியும். அதேபோல, ஓர் இடத்தில் நாலே நாலு செடிதான் இருக்கிறதென்றால் கை வைக்கக் கூடாது, போட்டோ மட்டும். “சாட்சி வேணும்னு ஆளையே கொன்னுடக் கூடாதில்லையா?”

ஆழமான இடத்தில் மஞ்சள் பூ ஒன்று தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. யூட்ரிகுலேரியா. வேர் கிடையாது. தண்ணீருக்குள் நூல் நூலாய்க் கிளைகள். கிளைகளில் குட்டிக் குட்டிப் பைகள். பக்கத்தில் வரும் சின்ன நீர்ப்பூச்சிகளைப் பை அப்படியே உள்ளே உறிஞ்சிக்கொள்ளுமாம். மேலே பார்த்தால் சிரித்த முகம், கீழே பூராவும் பொறி. எங்கள் மானேஜர் ஞாபகம் வந்தது. பெயரை மட்டும் எழுதினேன்.

இதைத் தண்ணீரிலிருந்து அப்படியே தூக்கினால் ஈரத் தலைமுடி மாதிரி ஒரு கொத்தாய்ச் சுருண்டுவிடுகிறது. அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தான். எவர்சில்வர் தாம்பாளத்தில் (என் கல்யாணத் தாம்பாளம்!) தண்ணீர் ஊற்றி, செடியை அதில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டிக் காகிதத்தை நுழைத்து, மெள்ள மெள்ளத் தூக்கினான். இழை இழையாய் விரிந்தபடியே காகிதத்தில் வந்து உட்கார்ந்தது. கோலம் போட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் கொசுக்கடி கூட மறந்துபோயிற்று.

கரையோரம் கோரை அறுத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, வெகுநேரமாய் எங்களையே பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

“இன்னா தம்பி, மாட்டுக்குப் புல்லா?”

“இல்ல ஆயா, காலேஜுக்கு.”

“காலேஜுல மாடு கீதா?”

மச்சினன் சிரித்துவிட்டு, மிதக்கும் நீள இலை ஒன்றைக் காட்டி, “இதுக்கு என்ன பேர் சொல்லுவீங்க ஆயா?” என்றான். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால், அந்த ஊர் வாயால் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம்.

“கொட்டி. கெயங்கு இருக்கும். நாங்க சின்னப் புள்ளைல சுட்டுத் தின்னுவோம்” என்ற ஆயா, சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கைவிட்டு ஓர் உருண்டைக் கிழங்கை எடுத்துக் காட்டினார். “ஏரி வத்தும். மாடு மேயும். பசங்க பந்து ஆடும். இது மட்டும் உள்ளாறவே கெடக்கும். மழை பேஞ்சா மறுபடி வந்துரும்.”

எனக்குப் பள்ளிக்கூடத்து மூதுரை ஞாபகம் வந்தது. குளம் வற்றினதும் பறந்துபோகிற பறவை உறவில்லை, குளத்தோடேயே கிடந்து வாடுகிற கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்தான் உறவு என்று ஒளவையார் பாடி வைத்த செய்யுள். மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கொட்டி என்பது கையில் பிடிக்கிற நிஜமான ஒரு செடி என்று முப்பத்துச் சொச்சம் வயதில்தான் தெரிகிறது. என்ன படிப்பு படித்தோம்!

கொட்டியின் அடையாளம் எழுதிக்கொண்டேன். இலை நீளம், தண்ணீர் மேல் மிதப்பது. தண்ணீருக்கு மேலே ஒற்றைக் கதிராய்ப் பூ, வெளிர் ஊதா. அடியில் கிழங்கு. நம்பர் 403.

பத்தரை மணிக்குக் கரையேறி, கால் கழுவி, ஆளுக்கு நாலு இட்லி தின்றோம். மச்சினன் அங்கேயே பிரஸ்ஸைத் திறந்து செடிகளை அடுக்க ஆரம்பித்தான். நீர்ச்செடிகள் ரொம்ப அவசரக்காரர்கள். கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். உயரமான சம்பை ஆங்கில எழுத்து ‘என்’ மாதிரி மடக்கினான். அதன் கதிரை நெடுக்கில் பிளந்து வைத்தான். இல்லாவிட்டால் காய்ந்து, வெடித்து, பஞ்சாய்ப் பறந்துவிடுமாம். அல்லிப் பூவின் இதழ்களுக்கு நடுவில் துண்டுக் காகிதம் செருகினான். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதின சின்ன சீட்டு. நகைக்கடையில் மோதிரத்தில் நூல் கட்டித் தொங்குமே, அதே சீட்டு.

திரும்பும் வழியில் மனைக்குப் போனோம்.

முந்தின வாரம் கம்பெனிக்கு போன் போட்டிருந்தேன். ‘மழையாச்சே, தண்ணி நிக்குதா?’ என்றதற்கு, ‘மழைத் தண்ணி சார், ரெண்டு நாள்ல வத்திடும், மெட்ராஸ்ல நிக்கலையா?’ என்று பதில் வந்தது. நியாயம்தானே என்று இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தால், வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிகிறது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இலவச மோர் கொடுத்த பந்தல் காணோம். 47 எங்கே என்று கல்லைத் தேடிக்கொண்டு தண்ணீரில் நடந்தேன்.

அந்தப் பூவை முதலில் பார்த்தது மச்சினன் இல்லை, நான்தான்.

ஒற்றைக் கதிர். வெளிர் ஊதா. நீள நீளமாய் மிதக்கிற இலை. 47-ஆம் கல்லுக்குச் சரியாய் மூன்று அடி தள்ளி, என் வருங்காலச் சமையலறை இருக்கும் இடத்தில், காற்றில் லேசாய் ஆடிக்கொண்டிருந்தது.

“டேய்... 403 இங்கேயும் இருக்குடா” என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

மச்சினன் எதுவும் பேசவில்லை. குனிந்து சேற்றில் கைவிட்டான். கிழங்கு வந்தது. இன்னொரு இடம். அங்கேயும் வந்தது. பக்கத்தில் நாலு இலைக் குடை விரித்தபடி ஆரைக்கீரை. தண்ணீரே இல்லாத காலத்திலும் அதன் வித்து கெட்டி ஓட்டுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். ஏப்ரலில் நான் கிரிக்கெட் பிட்ச் என்று நினைத்து நடந்தபோது, என் செருப்புக்கு அடியில் இவ்வளவு பேரும் மழைக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“மாமா, இது ஏரியா வயலான்னு ரிக்கார்டு பார்த்துத்தான் சொல்லணும். கொட்டி, ஆரை ரெண்டும் வயல்லயும் வரும். ஆனா ஒண்ணு. ரெண்டு நாள் தண்ணிக்குக் கிழங்கு இந்த சைஸ் வராது. இங்க வருஷா வருஷம் மாசக்கணக்குல தண்ணி நிக்குது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

மீதியை, சைக்கிளில் போன ஒரு பெரியவர் சொன்னார். “இது ஏரி உள்வாய் ஓரம் தம்பி. கலங்கல் ஓடுச்சுன்னா தண்ணி அந்தப் பனைமரம் வரைக்கும் வந்து நிக்கும். பட்டா இருக்கலாம். பட்டாவைத் தண்ணி படிக்குமா?”

பனைமரம் எனக்குப் பின்னால், நூறு அடி தூரத்தில் இருந்தது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நண்பன் ஒருவன் குடும்பத்தை மாடியிலிருந்து படகில் இறக்கியதை நேரில் பார்த்தவன் நான். ‘ஏரியில வீடு கட்டினா இப்படித்தான்’ என்று அன்றைக்கு டீக்கடையில் லெக்சர் அடித்தவனும் நானே. அடுத்தவன் வீட்டைச் சொல்ல நமக்கு எவ்வளவு சுலபமாய் வாய் வருகிறது!

ராத்திரி வீட்டில் பிரஸ்ஸை இறுக்க வெயிட் வேண்டும் என்றான். என் பி.காம். புத்தகங்களைக் கொடுத்தேன். அக்கவுன்டன்ஸி இரண்டு வால்யூம், காஸ்ட்டிங், ஆடிட்டிங். வாங்கின நாள் முதல் இன்றுதான் அவை ஏதோ உபயோகப்பட்டிருக்கின்றன. மேலே 25 கிலோ அரிசி மூட்டை.

வீடு முழுக்கச் சேற்று வாசம். “ஏரியைப் பார்க்கப் போறேன்னுதானே சொன்னீங்க, தூக்கிட்டு வரப்போறதா சொல்லலையே?” என்றாள் என் மனைவி. அப்புறம் மனை விஷயத்தைச் சொன்னேன். கொட்டிக்கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறியது.

ஈரச் செடிக்கு முதல் வாரம் தினமும் பேப்பர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அந்த வேலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலையில் ஆபீஸ் போகுமுன் பழைய பேப்பரை எடுத்து, புதுசாய்ப் பழைய பேப்பர் வைப்பது. நாலாம் நாள் முதல் என் மனைவியே, “அல்லி இன்னும் ஈரமா இருக்கு, கோரை காஞ்சாச்சு” என்று ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தாள்.

அட்வான்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறு நடை நடந்தேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தேன். என் மனை பட்டா நிலம்தான், பொய்யில்லை. ஆனால், பக்கத்து சர்வே நம்பர் ‘ஏரி’. நடுவில் ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு காகிதத்தில்தான் இருக்கிறது, தண்ணீருக்குத் தெரியாது. கம்பெனிக்காரர்கள் கடைசியில் முப்பதாயிரம் திருப்பித் தந்தார்கள். மீதி இருபதாயிரம் ‘ஆபீஸ் செலவு’. அதற்கு வவுச்சர் கேட்டேன். தரவில்லை.

ஜனவரியில் மச்சினன் என்னை அவன் கல்லூரி ஹெர்பேரியத்துக்கு அழைத்துப் போனான். ஏதோ பூந்தோட்டம் என்று நினைத்துப் போனால், ரிக்கார்டு ரூம்! வரிசையாய் இரும்பு பீரோக்கள், நாப்தலின் வாசம், மேஜை விளக்கு. வீட்டுக்கு வந்தமாதிரி இருந்தது. ஏறக்குறைய 42-க்கு 28 சென்டிமீட்டர் கெட்டி அட்டை. அதில் காய்ந்த செடி, நூலால் தைத்து, பசையால் ஒட்டி. வலது கீழ் மூலையில் லேபிள். அதில் நான் பென்சிலில் எழுதினது அத்தனையும் டைப் அடித்து. இந்த ரூமுக்கு ஜென்ம விரோதி ஒரு குட்டி வண்டு. சிகரெட் வண்டு என்று பெயர். புகையிலையும் தின்னும், காய்ந்த செடியும் தின்னும். அந்தக் காலத்தில் பாதரச விஷம் தடவுவார்கள். அது மனுஷனுக்கும் ஆகாது என்பதால், இப்போது பல இடங்களில் ஃப்ரீஸரில் போட்டுப் பூச்சியைக் கொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. செடியை அழுத்திக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டுவதை நானூற்றைம்பது வருஷத்துக்கும் முன்பே இத்தாலியில் லூகா கீனி என்ற பேராசிரியர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நம்ம பக்கம், லின்னேயஸின் சீடர் கோனிக் என்பவர் 1768-ல் தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்து, வைத்தியத்தோடு செடியும் சேகரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற டாக்டர் சென்னை ராஜதானி முழுக்கச் சேகரித்தார். அவருக்காகச் செடிகளை அச்சு அசலாய் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களும் நம்மவர்களே. அப்புறம் கேம்பிள் என்பவர் 1915-ல் ஆரம்பித்த சென்னை ராஜதானித் தாவரங்கள் புத்தகம், அவர் இறந்த பிறகு ஃபிஷர் என்பவரால் 1936-ல் முடிந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய பாதிரியார் கே.எம்.மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளுக்கே வால்யூம் வால்யூமாய்க் கணக்கு எழுதினார். கோயம்புத்தூரில் லட்சக்கணக்கான அட்டைகளோடு மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. (ஊர் கோவை, பெயர் மெட்ராஸ். நம் வழக்கம்தானே!)

மச்சினன் பழைய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். அல்லி. இதழெல்லாம் காபிக் கலர். லேபிளில், இன்று பஸ் ஸ்டாண்டும் கல்யாண மண்டபமுமாய் இருக்கிற, எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். ‘குளத்தில் ஏராளம்’ என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் நான் நூறு தடவை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். மழை நாளில் முழங்கால் தண்ணீரில் நின்று கார்ப்பரேஷனைத் திட்டியும் இருக்கிறேன். குளம் அதன் இடத்திலேயேதான் இருக்கிறது. நாம்தான் அதற்குள் பஸ்ஸுக்கு நிற்கிறோம். அந்தக் குளம் இருந்ததற்குச் சாட்சியாய் அங்கே எதுவும் மிச்சமில்லை. இங்கே ஓர் அட்டை இருக்கிறது.

“இதையும் பாருங்க மாமா” என்று புது அட்டை ஒன்றை நீட்டினான்.

கொட்டி. இலை, கதிர், நெடுக்கில் வெட்டின பாதிக் கிழங்கு. நம்பர் 412. தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை. ‘வீட்டு மனைப் பிரிவாகப் பிரிக்கப்பட்ட தாழ்நிலம், மனை எண் 47-ன் எல்லைக் கல் அருகே, தண்ணீர் ஆழம் சுமார் 20 செ.மீ., கிழங்குடன், பூ வெளிர் ஊதா.’ சேகரித்தவர்கள் என்ற இடத்தில் அவன் பெயர். அதற்குப் பக்கத்தில் என் பெயர்!

அந்த மனையில் வேறு யாராவது வீடு கட்டுவார்கள். பத்து லாரி மண் கொட்டி மேடாக்குவார்கள். கொட்டி போய்விடும். தண்ணீர் மட்டும் வழி தேடிக்கொண்டு வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டும். என்றைக்காவது ஒருநாள் யாராவது, ‘இங்கே எப்போதாவது தண்ணீர் நின்றதா?’ என்று கேட்டால், பீரோவைத் திறந்து இந்த அட்டையைக் காட்டலாம்.

நீங்களும் மனை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருப்பார். ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஏப்ரலில் மோர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நவம்பரில் ஒரு நடை போய், செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். சம்பு, கோரை, நீர்முள்ளி, கொட்டி... யாராவது தலை நீட்டினால், அந்த மனைக்கு ஏற்கெனவே ஓனர் இருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் கோரை அறுக்கும் ஆயா யாராவது இருந்தால் அவரையும் விசாரியுங்கள். ஆலோசனைக் கட்டணம் கிடையாது.

என் வரையில் கணக்கை முடித்துவிட்டேன். மனை நஷ்டம் இருபதாயிரம். அதற்கு எதிரே வரவில் என்ன எழுதுவது என்று யோசித்து, அட்டை நம்பர் 412 என்று எழுதினேன்.

ஐம்பதாயிரம் கட்டி, அந்த மனைக்கு என் பெயர் போட்டு என்னிடம் வந்து சேர்ந்த ஒரே பத்திரம் அதுதான். வவுச்சர் பக்காவாக இருக்கிறது.